ஏரியில் வாத்து வேட்டைக்குப் போகும் தம்பி: படகிலும் தண்ணீரிலும் என்ன கவனிக்க வேண்டும்?

கோட்டையூர்ப் பெண்:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி மின்னசோட்டாவில் வேலையில் இருக்கிறான். கூட வேலை பார்க்கிற இரண்டு பேர் அக்டோபர் கடைசியில் அவனை ஏரியில் வாத்து வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே உரிமம் வாங்கிக்கொண்டு சட்டப்படி நடக்கிற காரியம்தான். சுடப்போவது அவர்கள், இவன் கூட உட்கார்ந்து பார்க்கப் போகிறான். அப்பச்சிக்குத் துப்பாக்கியை நினைத்துக் கவலை. எனக்குப் படகை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.

போன வருடம் அவர்கள் போனபோது எடுத்த படத்தை அனுப்பினான். தட்டையான சின்ன அலுமினியப் படகு. அதில் இரண்டு ஆள், ஒரு பெரிய நாய், வாத்துகளை ஏமாற்றி இறக்குவதற்கான பிளாஸ்டிக் வாத்துப் பொம்மைகள் திணித்த மூட்டைகள், துப்பாக்கிகள். படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இருக்குமா என்பதே சந்தேகம். லைஃப் ஜாக்கெட் ஒருவர் மேலும் இல்லை. மோட்டாருக்குப் பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் எதையோ சுருட்டிச் செருகியிருப்பது மட்டும் தெரிகிறது. இந்த வருடம் அதே படகில் மூன்றாவது ஆளாக இவன் ஏறப்போகிறான். கேட்டால், "கண்மாயில் நீந்தி வளர்ந்தவன், என்னைப் பற்றிப் பயப்படாதே" என்கிறான்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் பயப்படுவது சரியா?

தேவகோட்டைக்காரன்:

சரியான பயம்தான் ஆச்சி. நான் கனடாவில் பல வருடம் ஏரிக்கரை ஊரில் இருந்துவிட்டுத் திரும்பியவன். அங்கே படகுப் பாதுகாப்பு வகுப்பில் முதல் நாளே சொல்வார்கள்: வேட்டைக்காரன் தன்னைப் படகுக்காரனாக நினைத்துக்கொள்வதே இல்லை. அவன் கவனம் முழுக்க வானத்தில் இருக்கும். துப்பாக்கியை ஆயிரம் தடவை சரிபார்ப்பான், படகைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

அந்தப் படத்தில் எனக்குக் கண்ணில் படுவது எடைதான். அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் ஒரு தகடு அடித்திருப்பார்கள். எத்தனை ஆள், மொத்தம் எவ்வளவு எடை, எத்தனை குதிரைத்திறன் மோட்டார் என்று அதில் இருக்கும். தம்பியிடம் முதலில் அந்தத் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நாய், பொம்மை மூட்டை, தோட்டாப் பெட்டி, பெட்ரோல் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். அது கூட அமைதியான தண்ணீருக்குச் சொன்ன கணக்கு. காற்று அடித்தால் அதிலும் குறைக்க வேண்டும்.

அடுத்து, எழுந்து நிற்பது. வாத்துக் கூட்டம் தலைக்கு மேல் வந்ததும் இரண்டு பேரும் ஒரே பக்கம் திரும்பி எழுவார்கள். துப்பாக்கி வெடிக்கும்போது தோளைப் பின்னால் தள்ளும். அதே நேரம், சுட்ட வாத்தை எடுக்க நாய் தண்ணீரில் குதிக்கும். தட்டைப் படகு ஓரளவுக்குச் சாயாமல் நிற்கும், அந்த அளவைத் தாண்டியதும் ஒரே வீச்சில் கவிழ்ந்துவிடும். நடுவில் நிதானிக்க நேரமே தராது. அதனால் உட்கார்ந்தே சுடுவது, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் சுடுவது, யாருக்கு எந்தத் திசை என்று கரையிலேயே பேசிக்கொள்வது, இவ்வளவும் வேண்டும்.

நங்கூரத்தையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் கட்டவே கூடாது. மோட்டார் எடை ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது, அதோடு கயிறும் இழுத்தால் அலை நேராக உள்ளே ஏறும். மூக்குப் பக்கம்தான் கட்ட வேண்டும்.

துப்பாக்கியைப் பொறுத்தவரை அங்கே சட்டமே தெளிவு. மோட்டாரை நிறுத்தி, படகு அந்த வேகத்தில் நகர்வதும் நின்ற பிறகுதான் சுடலாம். படகு போகும்போது தோட்டா உள்ளே இருக்கவே கூடாது. தோட்டா போட்ட துப்பாக்கியைக் கீழே வைத்து, நாய் மிதித்து வெடித்த சம்பவங்கள் அங்கே நடந்திருக்கின்றன.

கானாடுகாத்தான் ஆச்சி:

வாயில்லாத பறவையைச் சுடுவதைப் பார்க்க எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்? போகாமல் இருந்தாலே பாதிக் கவலை போய்விடுமே அம்மா.

கோட்டையூர்ப் பெண்:

எனக்கும் அதுதான் ஆசை ஆச்சி. ஆனால் அவன் போவதாக முடிவு செய்துவிட்டான். போகிறவன் பத்திரமாகத் திரும்ப வேண்டும், இப்போதைக்கு எனக்கு அது போதும்.

செக்காலை வீதி:

எல்லோரும் சேர்ந்து அக்காவை ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. நல்ல நீச்சல்காரனுக்குப் படகு கவிழ்ந்தால் என்ன? ஐப்பசி மழையில் நிறைந்த கண்மாயை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நீந்தினவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! ஏரியும் தண்ணீர், கண்மாயும் தண்ணீர். லைஃப் ஜாக்கெட் நீச்சல் தெரியாதவர்களுக்கு. போட்டுக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைக்கவும் முடியாது.

பள்ளத்தூர் செவிலி:

தம்பி, நீங்கள் சொல்வது நம் ஊர்த் தண்ணீருக்கே பாதிதான் சரி. அந்த ஊர்த் தண்ணீருக்குக் கொஞ்சமும் சரியில்லை. நான் அவசரச் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தவள், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நம் கண்மாய்த் தண்ணீர் மார்கழி விடியலில் கூட 20 டிகிரிக்கு மேல் இருக்கும். அக்டோபர் கடைசியில் மின்னசோட்டா ஏரி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருக்கும். அந்தத் தண்ணீரில் திடீரென்று விழுந்தால், நாம் நினைத்தாலும் நினைக்காவிட்டாலும் உடம்பு ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான். நீச்சல் தெரியுமா தெரியாதா என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. அதற்குப் பிறகு கட்டுப்பாடில்லாமல் மூச்சு வாங்கும், நாடித்துடிப்பு எகிறும். இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு அங்கேயே முடிந்துவிடலாம்.

கனடாவில் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்காகவே பனித் தண்ணீரில் தானே இறங்கிச் சோதித்தவர். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. மூச்சை அடக்கிக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு எவ்வளவு பெரிய நீச்சல்காரனுக்கும் விரல் மடங்காது, தோள் தூக்காது. குளிரில் விறைத்துச் சாவதற்கு முன்பே, கை ஓய்ந்து மூழ்கித்தான் பெரும்பாலானவர்கள் போகிறார்கள். தலையை வெளியே நிறுத்த ஜாக்கெட் இருந்தால்தான் அந்த ஒரு மணி நேரமே கைக்கு வரும்.

ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும். படகில் இருந்து பயனில்லை. விறைத்த விரலோடு, அலையில் ஆடிக்கொண்டே, தண்ணீருக்குள் ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை வருடா வருடம் வெளியிடுகிற கணக்கில், படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஜாக்கெட் போடாதவர்கள்.

விழுந்துவிட்டால் கரையை நோக்கி நீந்தக் கூடாது. தண்ணீரின் மேல் கரை கிட்டத்தில் இருப்பது போலத்தான் தெரியும். கவிழ்ந்த படகு பெரும்பாலும் மிதக்கும். அதன் மேல் எவ்வளவு ஏற முடியுமோ அவ்வளவு ஏறிக்கொள்ள வேண்டும். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். குளிர்காற்று அடித்தாலும் வெளியே இருப்பதுதான் மேல். உடையைக் கழற்றவும் கூடாது.

அப்புறம், "குளிருக்கு ஒரு மடக்கு" என்று யாராவது நீட்டினால் தொடவே வேண்டாம். குடித்தால் சூடாக இருப்பது போல் தோன்றும், உண்மையில் தோலுக்கு ரத்தம் ஓடி உள்சூடு வெளியேறிவிடும்.

தேவகோட்டைக்காரன்:

செவிலி அக்கா சொன்னதோடு ஒரு பழைய சம்பவத்தையும் சேர்க்கிறேன். தம்பி இருக்கிற அதே மாநிலத்தில் நடந்தது. 1940 நவம்பர் 11, முதல் உலகப் போர் நின்ற நாளுக்கான விடுமுறை. காலையில் வெயில் இதமாக இருந்ததால் மிசிசிப்பி ஆற்றுத் திட்டுகளுக்கு வேட்டைக்காரர்கள் மெல்லிய சட்டையோடு போய்விட்டார்கள். வாத்துகள் கூட்டம் கூட்டமாக, என்றைக்கும் இல்லாத அளவுக்குத் தாழப் பறந்து வந்தன. பின்னால் வந்த புயலுக்குத் தப்பித்துத்தான் அவை ஓடிவந்தன. வேட்டை நன்றாக இருக்கிறதே என்று யாரும் கிளம்பவில்லை. சில மணி நேரத்தில் காற்று சுழன்றடித்து, வெப்பம் சரிந்து, மழை பனியாக மாறியது. சின்னப் படகுகளால் அந்த அலையில் கரைக்குத் திரும்ப முடியவில்லை. திட்டிலேயே இரவெல்லாம் நின்று விறைத்தவர்கள் பலர். மின்னசோட்டாவில் இறந்த 49 பேரில் ஏறக்குறைய பாதி வாத்து வேட்டைக்காரர்கள். மறுநாள் மாக்ஸ் கான்ராட் என்ற விமானி வினோனாவிலிருந்து சின்ன விமானத்தில் பறந்து, உயிரோடு இருந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, சாப்பாடும் தீப்பெட்டியும் மேலிருந்து போட்டார்.

இன்றைக்கு வானிலை அறிவிப்பு கையிலேயே இருக்கிறது. ஆனால் வாத்து நன்றாக வருகிற நாள் பெரும்பாலும் காற்று மோசமாக இருக்கிற நாள்தான். அந்த ஆசையை அடக்கி முதலிலேயே "இன்று வேண்டாம்" என்று சொல்ல அந்த மூன்று பேரில் ஒருவராவது வேண்டும். அது தம்பியாக இருக்கட்டும்.

தொண்டிக் கடல்:

ஜாக்கெட் போட்டால் துப்பாக்கி தோளில் உட்காராது என்று செக்காலை அண்ணன் சொன்னார். அவர் மனதில் இருப்பது நம் பக்கத்துப் படகுச் சவாரிகளில் கொடுக்கிற பருத்த ஆரஞ்சு ஜாக்கெட்டாக இருக்கும். வேட்டைக்கென்றே தோள் பகுதி மெலிசாகத் தைத்தது அங்கே கிடைக்கிறது. இழுத்தால் காற்று நிரம்புகிற வகையும் உண்டு. எங்கள் வீட்டில் தலைமுறையாகக் கடலுக்குப் போகிறோம், நான் காரங்காடு அலையாத்திப் பக்கம் படகுச் சவாரிக்கு ஆட்கள் வருவதையும் பார்க்கிறேன். கரையில் ஒழுங்காக மாட்டிக்கொள்வார்கள், நடு நீருக்குப் போனதும் புகைப்படத்துக்காகக் கொக்கியை அவிழ்ப்பார்கள். கொக்கி போடாத ஜாக்கெட் தண்ணீரில் விழுந்ததும் தலை வழியாகக் கழன்று மிதக்கும், ஆள் கீழே போவான்.

சரியான அளவா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. மாட்டி, எல்லாப் பட்டையையும் இறுக்கிக்கொண்டு, வேறொருவரைத் தோள்பட்டியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது உங்களுக்குப் பெரிசு.

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதைப் பற்றி மேலே எழுதியிருந்தார்கள். நம் ஆட்களுக்குத் தேக்கடி மறந்திருக்காது. 2009 செப்டம்பர் 30, கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகக் குவிந்தார்கள், ஜலகன்யகா என்ற சவாரிப் படகு கவிழ்ந்தது, 45 பேர் போனார்கள். இரண்டடுக்குப் படகுக்கே அந்தக் கதி என்றால் இது சின்ன அலுமினியப் படகு.

செக்காலை வீதி:

குளிர்த் தண்ணீர் விஷயத்தில் செவிலி அக்கா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நம் ஊர்க் கண்மாயைப் பற்றி "பாதிதான் சரி" என்றது ஏன்? இடுப்பளவு, மிஞ்சினால் கழுத்தளவு. அதில் என்ன ஆபத்து?

திருப்பத்தூர் நாரை:

அண்ணே, அதற்கு நான் பதில் சொல்கிறேன். பறவை பார்ப்பதற்காகவே கண்மாய் கண்மாயாக அலைகிறவன் நான்.

நீங்கள் சொல்கிற இடுப்பளவு பழைய கண்மாய்க்குப் பொருந்தும். உள்ளே போகப் போகத் தரை ஒரே சரிவாக இறங்கும், கால் வைக்கும்போதே ஆழம் தெரியும். இப்போது பல கண்மாய்களில் சவுடு மண் அள்ளி, பொக்லைன் பல் பதிந்த செங்குத்துக் குழிகளாகக் கிடக்கின்றன. கோடையில் போய் நின்று பாருங்கள். முழங்கால் அளவு தரை, அடுத்த அடியில் இரண்டு ஆள் பள்ளம். சுவர் போல் வெட்டிய கரை, ஈரமானால் களிமண் வழுக்கி ஏறவே முடியாது. மழை பெய்து நிறைந்ததும் மேலே எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும். எது தரை, எது குழி என்று சொல்ல ஒரு அடையாளமும் இருக்காது.

இதில் இறங்குகிறவர்கள் யார் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. கார்த்திகை, மார்கழியில் சிறகி என்கிற காட்டு வாத்தும் நாமக்கோழியும் வந்து இறங்கியதும், அவற்றை வலை போட்டுப் பிடிக்க லாரி டியூப்பில் காற்று அடித்துக்கொண்டு பையன்கள் கிளம்புகிறார்கள். விடியற்காலை இருட்டு. டியூப்பின் மேல் ஒரு பலகை, அதில் ஒருத்தன். நைலான் வலையின் ஒரு முனையைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொள்கிறான், கை இரண்டும் துழாவுவதற்கு வேண்டுமே. தண்ணீருக்குள் பாதி மூழ்கி நிற்கிற கருவேல முள் டியூப்பில் குத்தினால் காற்று இறங்கச் சில நொடிதான். கீழே தாமரைக் கொடியும் அல்லித் தண்டும் காலைச் சுற்றும், இடுப்பில் கட்டிய வலை மரத்தில் மாட்டி இழுக்கும். எங்கள் பக்கத்து ஊரில் அப்படிப் போன பையன் ஒருத்தன். அவனுக்கு நீச்சல் நன்றாகவே தெரியும். தூக்கியபோது இடுப்புக் கயிறு கருவேலங்கிளையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. முடிச்சை அவிழ்க்க முடியாமல் அரிவாளால்தான் அறுத்தார்கள்.

கண்மாய் நிறைந்து உபரித் தண்ணீர் கலுங்கு வழியாக வெளியேறும்போது அதன் பக்கம் டியூப்போடு போவதும், மடை திறந்திருக்கும்போது மடைவாயில் குளிப்பதும் தனி ஆபத்து. மேலே தண்ணீர் அசையாதது போல் இருக்கும், அடியில் இழுக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், தெரியாமல் பிள்ளைகள் வாழ்க்கை கெட வேண்டாம். அங்கே உரிமம் உண்டு, நம் நாட்டில் கிடையவே கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு வாத்தைச் சுடுவதோ கண்ணி வைத்துப் பிடிப்பதோ குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சரணாலயத்துக்குள் என்றால் குறைந்தது மூன்று வருடம், ஏழு வரை போகலாம். நம் பக்கத்திலேயே வேட்டங்குடி 1977 முதல் சரணாலயம். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடியே போடாத கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் இருக்கிற மாவட்டம் இது. அந்தப் பெருமையை நாம் காப்பாற்ற வேண்டும்.

செக்காலை வீதி:

சவுடுக் குழியை நான் கணக்கில் எடுக்கவில்லை. நாங்கள் நீந்திய காலத்தில் அது இல்லை. மாசி, பங்குனியில் மீன்பிடித் திருவிழாவுக்கு ஊத்தாக் கூடையோடு ஊரே இறங்குமே, அப்போது என்ன செய்வது?

திருப்பத்தூர் நாரை:

அப்போது தண்ணீர் வற்றியிருக்கும், ஆனால் குழியில் மட்டும் நிற்கும். மீனும் அங்கேதான் சேரும், கூட்டமும் அங்கேதான் ஓடும். முதல் நாளே ஊர் ஆட்கள் நீள மூங்கிலை ஊன்றிப் பார்த்து, குழி இருக்கிற இடத்தில் சிவப்புத் துணி கட்டிய கம்பு நட்டுவிட்டால் போதும். கோடையில் கண்மாய் காய்ந்து கிடக்கும்போதே குழிகளைக் குறித்து வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. பெரிய செலவு ஒன்றுமில்லை.

பள்ளத்தூர் செவிலி:

ஒருத்தர் மூழ்குவதைப் பார்த்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனைக் காப்பாற்றத் தம்பி குதித்து இரண்டு பேரும் போன வீடுகள் நம் பக்கம் உண்டு. மூழ்குகிறவர் கிடைத்ததைப் பிடித்து அமுக்குவார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கரையில் படுத்துக்கொண்டு துண்டு, வேட்டி, கம்பு, கயிறு எது இருக்கிறதோ அதை நீட்டுங்கள், வீசுங்கள். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் மூன்று பெண்கள் தாங்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு இளைஞர்களைக் கரையேற்றினார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அவர்கள் காட்டியதுதான் சரியான வழி.

வெளியே எடுத்த பிறகு தலைகீழாகத் தூக்கிச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். வயிற்றில் இருக்கிற தண்ணீர் அவரைக் கொல்லப் போவதில்லை, அமுக்கினால் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போகும். அவருக்குத் தேவை மூச்சு. ஒருவர் 108-ஐக் கூப்பிட, இன்னொருவர் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதி, உடனே நெஞ்சு நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும் வரை விடாமல் செய்ய வேண்டும். எழுந்து உட்கார்ந்து "நன்றாக இருக்கிறேன்" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும்.

குளிர்த் தண்ணீரிலிருந்து எடுத்தவரை நடக்க விடாமல் படுக்க வைத்து, ஈரத்தை மாற்றிப் போர்த்த வேண்டும். கைகாலைத் தேய்க்கக் கூடாது.

கோட்டையூர்ப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. இதையெல்லாம் அப்படியே தம்பிக்கு அனுப்பினேன். 1-10-1 கணக்கைப் படித்த பிறகு கண்மாய் நீச்சல் பேச்சை விட்டுவிட்டான். தகட்டையும் படம் எடுத்து அனுப்பினான், மூன்று ஆள் எடைக்கே கிட்டத்தட்ட சரியாகிவிடுகிறது. பொம்மை மூட்டைகளை ஒரு நடையில், வேட்டைக்கு ஒளிந்து உட்காருகிற மறைவிடத்தில் இறக்கிவிட்டு வந்து, நாயோடு ஆட்கள் இரண்டாவது நடை போவதாக நண்பர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

இன்னும் ஒரு சந்தேகம். மார்பு வரை ஏறுகிற ரப்பர் உடுப்பு, வேடர்ஸ் என்கிறார்கள், அதை இவனுக்கும் ஒன்று தருகிறார்களாம். அதற்குள் தண்ணீர் புகுந்தால் கல் போல் இழுத்துப் போகும் என்கிறார்களே, உண்மையா?

தேவகோட்டைக்காரன்:

கீழே இழுக்காது ஆச்சி. உள்ளே இருக்கிற தண்ணீருக்கு வெளியே இருக்கிற தண்ணீருக்குள் எடை கிடையாது. ஆனால் படகில் ஏறவோ கரையேறவோ பார்க்கும்போது அந்தத் தண்ணீர் முழுவதையும் சேர்த்துத் தூக்க வேண்டும், ஓய்ந்த உடம்பால் முடியாது. காலை உதைத்து நீந்துவதும் சிரமம். அதனால் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்ட வேண்டும், தண்ணீர் புகுவது குறையும், உள்ளே காற்றும் கொஞ்சம் நிற்கும். விழுந்தால் பதறாமல் முழங்காலை மடக்கி மல்லாந்து மிதக்க வேண்டும். ஜாக்கெட் வேடர்ஸுக்கு மேலே வர வேண்டும்.

மோட்டார் ஓட்டுகிறவர் சாவிக் கயிற்றைத் தன் உடம்பில் மாட்டியிருக்கிறாரா என்று தம்பி பார்க்கட்டும். ஆள் தவறி விழுந்தால் மோட்டாரை நிறுத்துகிற கயிறு அது. 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரல் முதல் அங்கே சட்டமே அப்படி. எந்த இறங்குதுறை, எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், அந்த நேரம் தாண்டினால் யாரைக் கூப்பிடுவது என்பதைக் கரையில் இருக்கிற ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

கோட்டையூர்ப் பெண்:

நண்பரின் மனைவியிடம் எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். எனக்கும் ஒரு படி அனுப்புவான். ஜாக்கெட் இந்த வாரம் வாங்குகிறான். போனை எங்கே வைப்பது, விசில் வேண்டுமா?

தொண்டிக் கடல்:

இரண்டும் வேண்டும் அக்கா. போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டி ஜாக்கெட்டுக்குள் விடட்டும், படகுப் பெட்டியில் வைத்தால் படகோடு போய்விடும். விசிலை ஜாக்கெட்டின் தோள்பட்டியிலேயே கட்டச் சொல்லுங்கள், தலையைத் திருப்பினால் வாய்க்கு எட்டுகிற மாதிரி. விரல் விறைத்த பிறகு பைக்குள் இருக்கிற எதையும் எடுக்க முடியாது. வாங்கியதும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏதாவது நீச்சல் குளத்தில் ஒரு தடவை இறங்கி, வாய் தண்ணீருக்கு மேலே நிற்கிறதா என்று பார்த்துவிடட்டும்.